செஞ்சோறு எவருடையது?

கோயில் விழா மேடைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கொன்று உண்டு. அண்ணன் இட்ட சோற்றுக்காகக் களம்பட்ட கும்பகருணன் உயர்ந்தவனா, அறம் நின்ற பக்கம் நோக்கி அண்ணனைத் துறந்து சென்ற வீடணன் உயர்ந்தவனா என்பதே அவ்வழக்கு. திண்டுக்கல் சீமையில் எங்கள் வடமதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இத்தலைப்பைக் கேளாத முதியவர் அரியர். நடுவர் எத்தீர்ப்பைச் சொல்லினும், கூட்டம் கலையும்போது ஈரமாகியிருக்கும் கண்கள் கும்பகருணனுக்காகவே ஈரமாகியிருக்கும். வீடணனுக்கு வைணவம் ஆழ்வார் என்னும் பெயரையே சூட்டியது. சரணடைந்தோர்க்கெல்லாம் அவனையே முன்னோனாகக் காட்டுகிறது. ஆயினும், சௌந்தரராசப் பெருமாளின் தேரை வடம்பிடித்து இழுக்கும் கைகள் வீடணனுக்கென்று முழுமனத்தோடு தட்டியதில்லை. கன்னனையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். தாயே நேரில் வந்து அழைத்தபோதும், தனக்கு முடிசூட்டியவன் பக்கமே நின்று மாண்டவன் அவன். தமிழ் நாவில் அவன் பெயர் வந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது.

செஞ்சோற்றுக் கடன் என்று இதற்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். உண்ட சோற்றுக்கு உயிரைத் திருப்பித் தருவது படைமறவனின் கடமை என்பது அதன் பொருள். அழகிய சொல். ஆழ்ந்த சொல்லும்கூட. அச்சொல்லை இகழ்ந்து ஒருவரி எழுதவும் எமக்கு உடன்பாடில்லை. ஆனால் படை மாறிய வீரர்களை, படைக்கலம் தாழ்த்திய சிப்பாய்களை, எதிரணியில் நின்றவன்மீதும் இரக்கம் காட்டிய படைஞர்களை இரண்டகர் என்னும் ஒரே சொல்லால் அடித்துத் தள்ளுவதற்கு இப்பழஞ்சொல் இன்றும் ஆயுதமாகிறது. ஆதலின் எவரும் கேளாத கேள்வியொன்றை இங்குக் கேட்டாக வேண்டியிருக்கிறது. கடன் உண்டு, மறுக்கவில்லை. உண்ட சோறு எவருடையது?

இராவணன் இட்ட சோறு இராவணனுடையது என்று காப்பியம் ஏற்கிறது. துரியோதனன் தந்த நாடு துரியோதனனுடையது என்று கதை ஏற்கிறது. வரலாற்றில் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. மூன்றாம் மைசூர்ப் போருக்குப்பின், 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு நிலையாக வந்து சேர்ந்தது. அதற்குமுன் அந்த மலைக்கோட்டை மைசூருக்கும் கும்பினிக்கும் இடையே பலமுறை கைமாறியிருந்தது. கோட்டை கைமாறிய ஒவ்வொரு முறையும் சமவெளியில் உழுதவனிடம் தண்டல்காரன் மட்டும் தவறாமல் வந்தான். கும்பினி ஆட்சி வேரூன்றியதும் ஹர்டிஸ் என்னும் ஆட்சியர் காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்டன, தீர்வை விதிக்கப்பட்டது, கிஸ்தி என்னும் சொல் குடியானவன் வீட்டுக்குள் அச்சமாக நுழைந்தது. வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஆண்டிலும் தீர்வை பொய்க்கவில்லை. தென்னாட்டில் கும்பினியின் வருவாயில் பெரும்பகுதி நிலவரியே. அவ்வருவாயைப் பெரிதும் விழுங்கியது படை. சிப்பாயின் மாதச் சம்பளம் இலண்டனிலிருந்து கப்பலேறி வரவில்லை. அவன் தந்தையும் சிற்றப்பனும் கம்பும் சோளமும் விற்றுக் கட்டிய பணமே, வெள்ளையன் மேசையைச் சுற்றி, அவன் கைக்குச் சம்பளமாகத் திரும்பியது. அதன்பின் அவனிடம் சொல்லப்பட்டது: நீ கும்பினியின் உப்பைத் தின்றவன், உண்மையாய் இரு.

இதைவிடப் பெரிய களவு வேறொன்று நடந்ததாக நாம் அறியோம். நெல்லைக் கொண்டுபோனான்; அந்த நெல்லின்மேல் பிறந்த நன்றியையும் சேர்த்தே கொண்டுபோனான்.

இக்களவை முதலில் உணர்ந்தவர் எவர் என்று தேடினால், நம் மண்ணின் மிகச் சிக்கலான மனிதரொருவர் எதிர்ப்படுகிறார். பனையூரில் பிறந்தவர் எனவும் மருதநாயகம் என்னும் பெயருடையவர் எனவும் சொல்லப்படும் யூசுப்கான், கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவராக உயர்ந்தவர். திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் ஆங்கிலத் தளபதிகள் அவர் திறனைக் கண்டு வியந்தனர். பொற்பதக்கம் அணிவித்தனர். 1757இல் திண்டுக்கல்லிலிருந்து இறங்கிவந்து மதுரைச் சீமையைச் சூறையாடிய ஐதர் அலியை நத்தம் கணவாய் முகப்பில் எதிர்த்து விரட்டியவர் அவரே. 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலை வீழ்த்தியதும் அவரே. இதை மறைத்து அவருக்குச் சிலை எழுப்புவது பொய்யாகும். தன் நாட்டான் கட்டிய கோட்டையைத் தன் நாட்டான் கொடுத்த வரியில் வாங்கிய பீரங்கியால் இடித்தவர் அவர். அன்று அவருக்குக் கும்பினி இட்ட சோறு கும்பினியின் சோறாகவே தோன்றியது.

மதுரைச் சீமையின் ஆளுநர் பொறுப்பு அவருக்கு வாய்த்தபின் மெல்லச் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. ஏரிகளும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்கள் மீட்கப்பட்டன. கொள்ளையர் அடக்கப்பட்டனர். ஆற்காட்டு நவாபு அச்சீமையின் வருவாயைத் தனக்கே உரியதென்று உரிமை கொண்டாட, கும்பினி நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763இல் யூசுப்கான் பணிய மறுத்தார்; பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அந்த ஆண்டின் முற்றுகை தோற்றது. மறு ஆண்டு முற்றுகை நீண்டு, கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது. அவருக்குத் துணையாக வந்திருந்த பிரெஞ்சுத் தலைவன் மார்ச்சாந்தும், அவருடைய திவான் சீனிவாசராவும், உடனிருந்த வேறு சிலரும் கூடி, தொழுகையில் இருந்தவரைப் பிடித்துக் கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று அவர் மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். இறந்தவரைக் கண்டும் அஞ்சினர் என்பதற்குச் சான்று, உடல் கூறாக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டதே. எஞ்சியது சம்மட்டிபுரத்தில் உறங்குகிறது.

ஒரே கதையில் மூன்று படைமாற்றங்கள். யூசுப்கான் கும்பினியைத் துறந்தார், மார்ச்சாந்து யூசுப்கானைத் துறந்தான், சீனிவாசராவும் துறந்தான். முதலாமவர் துரோகி என்று தூக்கிலேற்றப்பட்டார். மற்ற இருவரின் செயலைக் கும்பினி பயனுள்ளதாகக் கொண்டது. இதைக் கண்டதும் வென்றவன் வைத்ததே பெயர் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடத் தோன்றும். அது சோம்பல். இம்மூவருக்கும் இடையே மெய்யான வேறுபாடு உண்டு. மார்ச்சாந்து தன் உயிருக்காகவும் தன் சினத்திற்காகவும் மாறினான். யூசுப்கான் மாறியதில் தன்னாட்சி ஆசை கலந்திருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர் மாறிய திசையில் ஒரு சீமை இருந்தது. அவர் செப்பனிட்ட ஏரிகள் இருந்தன. கும்பினியின் சோறு எங்கிருந்து வருகிறதென்று ஏரிக்கரையில் நின்று கண்டவர் அவர். நெற்கட்டுஞ்செவலில் அவர் கண்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும் என்ற ஏக்கம் எம்மை விட்டு நீங்கியதில்லை.

அடுத்த தலைமுறையில் இக்கேள்வி ஒருவர் நெஞ்சினின்றும் வெளியேறி ஊர்ச் சுவருக்கு வந்தது. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரை இச்சீமை நன்கறியும். சிவகங்கையை இழந்து வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த பாளையம் அது. மணப்பாறை முதல் பழனி வரை பாளையக்காரர்களை ஓரணியாக்கித் திண்டுக்கல் கூட்டமைப்பைக் கட்டியவர் அவர். 1800 சூன் 3 அன்று கோயம்புத்தூர்ப் படைமுகாம்மேல் தாக்குதல் நடத்தும் திட்டம் அக்கூட்டணியின் வழியே உருவானது. திட்டம் முன்னரே வெளிப்பட்டது, நாற்பத்திருவர் தூக்கிலேறினர். 1801இல் கோபால நாயக்கர் பிடிபட்டார். அதே ஆண்டு திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரின் நடுவே கோபால சமுத்திரம் என்னும் குளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் கரையில் அன்றாடம் நடப்போருள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது வேறு துயரம்.

அவர் சிறைப்பட்ட அதே ஆண்டில், 1801 சூன் 16 அன்று, சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சம்புத்தீவு அறிக்கை என்று இன்று நாம் வழங்குவது அதுவே. அதைப் பற்றிப் பேசுவோர் எல்லாச் சாதியினரையும் சமயத்தாரையும் ஒருங்கே விளித்ததை எடுத்துக்காட்டுவர். அது மெய்யே, போற்றத்தக்கதே. ஆனால் அதில் எம் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவது வேறோர் இடம். சுபேதார், ஹவில்தார், நாயக்கு, சிப்பாய் என்று படைநிலை படைநிலையாக அழைத்து, அந்நியனிடம் படைத்தொழில் செய்யும் நம்மவரிடம் அது நேரே பேசுகிறது. அரசனை எதிர்த்து அரசன் விடுத்த ஓலைகள் உண்டு. எதிரியின் முகாமில் துப்பாக்கி ஏந்தி நிற்பவனை, நீயும் என் உடன்பிறந்தவனே, உன் வீரத்தை இப்பக்கம் திருப்பு என்று பெயர் சொல்லி அழைத்த ஓலை இந்நாட்டில் அதற்குமுன் ஒன்று இருந்ததாக நாம் கண்டதில்லை. அவனை இழிந்தவனென்று ஒதுக்கித் தள்ளவில்லை. அழைத்தது. நாட்டு மக்கள் வறுமையில் வாடுவதையும் சோற்றுக்கே வழியின்றிப் போனதையும் அவனுக்கு நினைவூட்டியது. செஞ்சோற்றுக் கடனைக் கைவிடும்படி அது கேட்கவில்லை; கடன் பட்டது எவரிடம் என்று காட்டிற்று.

அன்று அவ்வழைப்பு பலிக்கவில்லை. கும்பினிப் படை கலையவில்லை. அக்டோபர் 24இல் மருது உடன்பிறப்புகள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மருதுவின் இளமகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களைக் கப்பலேற்றக் காவல் நின்றவர்களும் நம் மக்களே.

பலிக்கவில்லை என்று எழுதியது விரைந்து எழுதியதாகுமோ என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தே ஆண்டுகளில் வேலூர்க் கோட்டையில் 1806 சூலை 10 விடியுமுன் கும்பினியின் சிப்பாய்களே எழுந்தனர். நெற்றிக்குறி அழி, மீசையைத் திருத்து, கடுக்கனைக் கழற்று, தோல் பட்டம் பதித்த புதிய தலைப்பாகையை அணி என்ற ஆணைகளே எழுச்சிக்குக் காரணமென்று பாடநூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடும். தலைப்பாகைக்காக மட்டும் மனிதன் சாகத் துணிவதில்லை. கோட்டைமேல் ஏறியது மைசூர்க் கொடி. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்துவந்து அன்றே எழுச்சியை அடக்கினான். ஆங்கிலேயர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பிடிபட்டோருள் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். எழுச்சிக்குமுன் மேலதிகாரியிடம் சென்று செய்தி சொன்ன முஸ்தபா பேக் என்னும் சிப்பாய்க்கு 2,000 வராகனும் சுபேதார்க்குரிய ஓய்வூதியமும் கிடைத்தன. அவன் பெயர் ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. பீரங்கி வாயில் நின்றவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் நம்மில் எவர் வாய் திறப்போம்?

பினாங்குக்குச் சென்ற கப்பலின் கதை அங்கு முடியவில்லை. அடுத்த நூறாண்டுகளில் மலேயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் இரப்பர்க் காடுகளுக்கும் தமிழர் பல்லாயிரவராகச் சென்றனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரித்தானியப் படை சப்பானியரிடம் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து பேரர் பார்க்குத் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படைஞர்கள் ஒரு தலைவனிடமிருந்து மற்றொரு தலைவனுக்குப் பொருள்போல் கைமாற்றப்பட்டனர். வெள்ளை அதிகாரிகள் வேறிடம் பிரித்து அனுப்பப்பட்டிருந்தனர். அத்திடலில் நின்றவனின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மன்னருக்கு உண்மையாய் இருப்பேன் என்று ஆணையிட்டிருக்கிறான். மன்னரின் அதிகாரி அவனைப் பகைவன் கையில் விட்டுப் போய்விட்டான். எதிரே, இந்திய தேசியப் படையைத் திரட்ட முன்வந்த இந்திய அதிகாரி மோகன்சிங் நின்று, இனி நம் நாட்டுக்காகப் போரிடுவோம் என்கிறார். அவர் பின்னால் நிற்பதோ சப்பானியப் படை. சிலர் அன்றே சேர்ந்தனர். சிலர் தயங்கிச் சேர்ந்தனர். பலர் மறுத்தனர். மறுத்தவர்களுள் பலர் நியூ கினி முதலிய தீவுகளுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டுப் பசியிலும் நோயிலும் அடியிலும் மாண்டனர்.

இந்திய தேசியப் படையில் சேர்ந்தவரைப் போற்றும்போது, மறுத்து மடிந்தவரைப் பழிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். அவர்கள் கும்பகருணன் வழி நின்றவர்கள். செய்த ஆணைக்கு விலையாகத் தம் உடலையே கொடுத்தவர்கள். பிரித்தானியப் பேரரசு என்னும் தகுதியற்ற ஒன்றுக்கு அவர்கள் உண்மையாயிருந்தார்கள் என்று நாம் கருதலாம்; அவர்கள் உண்மையாயிருந்தார்கள் என்பதை எப்படி மறுப்பது? சேர்ந்தவர்க்கும் ஒரு கறை உண்டு. அவர்கள் தோளோடு தோள் நின்றது சீனத்திலும் மலேயாவிலும் கொடுமை இழைத்த ஒரு பேரரசின் படையோடு. சயாம் மரண இருப்புப்பாதையில் மடிந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் எலும்புகள் அப்படையின் கணக்கில் எழுதப்பட்டவை. நேதாசி 1943இல் தலைமையேற்றபின் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆடவரும் மகளிரும் திரண்டு வந்தது எம் இனத்தின் பெருமைகளுள் ஒன்று. அப்பெருமையைச் சொல்லும் வாய் அந்த எலும்புகளையும் சொல்ல வேண்டும்.

செங்கோட்டை வழக்கு இவ்வனைத்தையும் ஒரு நீதிமேடைக்குக் கொணர்ந்தது. 1945 நவம்பரில் சாநவாசுகான், சேகல், தில்லான் என்னும் மூன்று அதிகாரிகள் மன்னர்மேல் போர் தொடுத்தனரென்று விசாரிக்கப்பட்டனர். ஒருவர் முசுலிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். பிரித்தானியர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது போலவே இருந்தது. அதன் விளைவு அவர்கள் எண்ணியதற்கு நேர்மாறாய் முடிந்தது. வழக்காடிய புலாபாய் தேசாய் எடுத்த வாதத்தின் சாரம் இதுவே: அடிமைப்பட்ட மக்களுக்குத் தம் விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டு, நாட்டின்மேல் கொண்ட பற்றும் மன்னர்மேல் கொண்ட பற்றும் ஒன்றுக்கொன்று எதிராகப் பிரியும்போது, பின்னது மனிதனைக் கட்டாது. சின்ன மருது மதிலில் ஒட்டியதைச் சட்டமொழியில் அவர் சொன்னார். திசம்பர் 31இல் தீர்ப்பு நாடுகடத்தல் என வந்தது. 1946 சனவரி 3இல் தலைமைத் தளபதியே அத்தண்டனையை நீக்க நேர்ந்தது. பிப்ரவரி 18இல் பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தனர். சென்னையிலும் ஆதரவு வேலைநிறுத்தம் நடந்தது. தன் படையே தன்னுடையதன்று என்று பேரரசு அந்த மாதத்தில் அறிந்துகொண்டது.

பின்னர் நடந்ததையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. விடுதலை பெற்ற இந்தியா நேதாசியின் படையினரைத் தன் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. பணிநீக்கம் செய்யப்பட்ட மாலுமிகளும் கடற்படைக்குத் திரும்பவில்லை. மாலையிட்ட கைகளே கதவையும் மூடின. படைக்குள் ஒழுங்கு வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இவ்வெண்ணம் காந்தியடிகளிடமும் இருந்தது. 1930 ஏப்ரல் 23 அன்று பெசாவரில் வெறுங்கையராய் நின்ற பட்டாணியர்மேல் சுட மறுத்தார் சந்திரசிங் கர்வாலி. அவரும் அவருடைய கர்வால் படைஞர்களும் பல்லாண்டுகள் சிறையில் கிடந்தனர். அவர்களைப் பற்றி ஐரோப்பியச் செய்தியாளர் கேட்டபோது, ஆணையை மீறுமாறு தாம் படைஞருக்குக் கற்பித்தால் நாளை தம் ஆட்சியிலும் அவர்கள் அவ்வாறே மீறக்கூடும் என்ற கருத்தையே அடிகள் தெரிவித்தார். அண்ணலிடம் எமக்குள்ள பற்று அளவிடற்கரியது. ஆயினும் இவ்விடத்தில் அவருக்கு உடன்பட எம்மால் இயலவில்லை. அகிம்சையை நாடெங்கும் விதைத்தவரின் சொல்லைத் துப்பாக்கி ஏந்திய ஒருவன் மெய்யாகவே கேட்டு, துப்பாக்கியைத் தாழ்த்தினான். அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் வாழ்த்து அண்ணலுடையது.

அவர் அச்சத்தில் உண்மையே இல்லையென்று தள்ளவும் ஆகாது. குடியரசில் சோறு எவருடையது என்னும் கேள்விக்கு விடை மாறிவிட்டது. இன்று இந்தியப் படைஞன் ஆணையிடுவது எந்த மன்னர் பெயரிலும் அன்று, அரசமைப்பின் பெயரில். வரி கொடுப்பவன் வாக்கும் கொடுக்கிறான். வயலும் அரசும் ஒரே மக்களுடையவை என்று நூலில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே 1806இல் வேலூரில் அறமாயிருந்தது இன்று ஒரு படைமுகாமில் அறமாகாது. 1984 சூனில் அமிர்தசரசுப் பொற்கோயிலுக்குள் படை புகுந்தபின் சீக்கியப் படைஞர் சிலர் முகாமைவிட்டு வெளியேறினர். அவர்தம் வேதனை மெய். அவர்கள் சென்ற வழி குடியரசுக்கு ஏற்றதன்று. ஆனால் அதே குடியரசு 1950ஆம் ஆண்டின் படைச்சட்டத்தில் ஒரு சொல்லை விடாமல் வைத்திருக்கிறது. கீழ்ப்படியாமை குற்றமாவது சட்டப்படியான ஆணையை மீறும்போதே என்கிறது 41ஆம் பிரிவு. அந்த ஒரு சொல்லுக்குள் பெசாவர்த் தெரு முழுவதும் அடங்கியிருக்கிறது. விடியற்காலையில் எங்கள் நெடுஞ்சாலையோரம் படைத்தேர்வுக்காக ஓடிப் பழகும் பிள்ளைகளைக் காண்கிறோம். நான்கே ஆண்டுப் பணியென்று 2022இல் விதி மாறியபின்னும் அவர்கள் ஓட்டம் குறையவில்லை. தொலைவையும் நிமிடத்தையும் கற்பிப்பவர் பலர். 41ஆம் பிரிவின் அச்சொல்லைக் கற்பிப்பவர் எவர்?

தமிழ்நாடு தன் நெஞ்சைத் தானே கேட்க வேண்டிய பக்கம் ஒன்று எஞ்சியுள்ளது. 1987 சூலை இறுதியில் இந்திய அமைதிப்படை ஈழத்தில் இறங்கியது. அக்டோபரில் அமைதிப்படை போர்ப்படையாயிற்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் கதவு தட்டிய அப்படையில் தமிழ் பேசும் படைஞர்களும் இருந்தனர். முற்றத்தில் ஒரு மூதாட்டி அழுதால், அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்று அறிய அவனுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. மற்றப் படைஞனுக்குக் கூக்குரலாய்க் கேட்டது இவனுக்குச் சொற்களாய்க் கேட்டது. யாழ்ப்பாண மருத்துவமனையில் அக்டோபர் 21 அன்று நோயாளரும் மருத்துவரும் கொல்லப்பட்டதை எம்மால் மறக்க இயலாது, மறக்கவும் கூடாது. 1987 நவம்பர் 25 அன்று பதுங்கித் தாக்கப்பட்டபோது மார்பில் குண்டேந்தியும் போரிட்டு மடிந்த மேசர் இராமசாமி பரமேசுவரனுக்கு நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள வீரவிருதான பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவரும் தமிழரே. அவரைச் சுட்டவனும் தமிழனே. அப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பி வரவில்லை.

1990 மார்ச்சில் எஞ்சியோர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அவர்களை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்கச் செல்ல மாட்டேன் என்ற நிலையில் இனத்தின் துயரம் இருந்தது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய தமிழ்ப் படைஞன் நின்றது எங்கே? ஆணைக்குக் கீழ்ப்படிந்து சென்றவன். அங்கே எதிரிலிருந்தவனின் சொல் புரிந்து உள்ளே உடைந்தவன். தன் கரையில் இறங்கும்போது தன் ஊரே முகம் திருப்பக் கண்டவன். அவன் படை மாறவில்லை. மாறியிருந்தால் ஒரு பக்கமாவது அவனை வீரனென்று கொண்டாடியிருக்கும். மாறாமல் நின்று, இரு பக்கத்துச் சாவையும் நெஞ்சில் சுமந்தவனுக்கு நாம் ஒரு சொல்லும் வைத்திருக்கவில்லை.

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்காக 321 வீடுகள் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. தகரக் கூரையின்கீழ்ப் பல்லாண்டு வெந்த மக்களுக்கு அது காலம் தாழ்ந்து வந்த நீதி. அவ்வீடுகளிலிருந்து சில கல் தொலைவில், இதே சமவெளியின் சிற்றூர்களில், அமைதிப்படையில் இருந்து திரும்பிய முதியோர் இன்றும் இருக்கக்கூடும். ஒரே சந்தையில் காய் வாங்குவர். ஒரே பேருந்தில் செல்வர். இருவரும் ஒருவரோடொருவர் அப்போரைப் பற்றிப் பேசுவதற்கு நாம் ஓர் இடம் அமைத்துக் கொடுத்தோமா? வழக்குமன்றமாகவோ மேடையாகவோ அது இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு திண்ணை போதும்.

இச்சீமையின் வரலாற்றுக்குச் செய்யப்பட வேண்டியவை சில. திண்டுக்கல் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கு வருவோர்க்குக் கட்டியவர் பெயரும் கைப்பற்றியவர் பெயரும் சொல்லப்படுகின்றன. எந்தக் கொடி ஏறியபோதும் மாறாமல் அதன் மதில்களில் இரவுக் காவல் நின்ற சிப்பாயைப் பற்றி ஒரு வரி வேண்டும். சம்புத்தீவு அறிக்கையில் சுபேதார் முதல் சிப்பாய் வரை படைஞரை அழைக்கும் பகுதி அக்கோட்டை வாயிலில் கல்லில் வெட்டப்பட வேண்டும். விருப்பாட்சியும் கோபால சமுத்திரமும் இருக்கும் மாவட்டத்துக்கு அவ்வுரிமை உண்டு. பள்ளிப் பாடத்தில் வேலூர் எழுச்சி தலைப்பாகையோடு முடியாமல், அச்சிப்பாய்களின் சம்பளம் எந்த வயலிலிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கிஸ்திக் கணக்குகள் ஆவணக் காப்பகத்தில் உறங்குகின்றன. எங்கள் ஊர்களின் பெயர்களும், ஊர்தோறும் கட்டப்பட்ட தொகையும் அவற்றில் இருக்கும். அவற்றை எடுத்துப் படிக்கும் ஒரு மாணவனையாவது இம்மாவட்டத்துக் கல்லூரிகள் உருவாக்கட்டும். அவன் விரல் முதலில் எந்த ஊரின் வரியில் நிற்கும் என்று நாம் காத்திருக்கிறோம்.